ஆர்னோல்டின் துடுப்பு
புலம்பெயர்ந்து வந்த நாட்டின் பார்க்டேல் தேவாலயத்தில் தொண்ணூற்று நான்காம் ஆண்டின் பனிக்கால வெளிச்சம். ஜெசிந்தா புனித ஆர்னோல்டின் சிலைக்கு மெழுகுதிரி கொளுத்துகிறாள். ஊரில், குருநகரில் கடற்படையின் தடையை மீறிக் கடலுக்குப் போன தம்பி இன்னும் கரை சேரவில்லை. புனிதரின் கையில் துடுப்பு இருப்பதால் அவள் மாதக்கணக்காய் இவரிடமே மன்றாடுகிறாள். சிலையடியில் பொறித்திருப்பதை வாசித்த, அவளோடு பூசைக்கு வந்த றோய் அண்ணை நிமிர்கிறார். "பிள்ளை, உது துடுப்பில்லை. பியர் காய்ச்சேக்கை கிண்டிற கட்டை. இவர் பியர் காய்ச்சிறவையின்ரை பாதுகாவலர்" என்கிறார். "கோயிலுக்கை பகிடி விடாதேங்கோ அண்ணை." "சத்தியமா, பிள்ளை. கொள்ளைநோயிலை தண்ணி குடிச்ச சனம் செத்ததாம். பியரைக் குடியுங்கோ எண்டு காப்பாத்தினவராம்." கண்ணாடிச் சாளரத்தின் நீலம் அவளுடைய திறந்த வாயில் விழுகிறது. தீக்குச்சி விரலைத் தொடும்வரை எரிகிறது. அவள் உதறவில்லை. "அப்ப இவ்வளவு நாளும் கடலிலை அவனை ஆர் பாத்தது?"