சைக்கிளில் வரலாமா?

"குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனுக்கு ஆம்பளைங்க ஏன் வர மாட்டேங்கிறீங்க?" என்று பிரபாகர் சார் கேட்டதும் வேப்பமரத்தடி சிரிப்பில் குலுங்கியது.

ஓதெலுவும் சிரித்தான். சிரிக்காவிட்டால் சந்தேகம் வந்துவிடுமே.

ஜம்மிகுண்டா மார்க்கெட்டில் நெல் மூட்டை தூக்குகிற ஐந்து பேர் அவர்கள். போன மாதம் கணக்கெடுப்புப் படிவத்தோடு வந்த பெண்ணிடம், 'இங்கே யாரும் பண்ணிக்கலை' என்று ஐவரும் ஒரே பாட்டாகப் பாடி அனுப்பியிருந்தார்கள். இந்த சாரிடம் படிவமே இல்லை. உட்கார வைத்துப் பேசவிட்டுக் கேட்பதுதான் இவருடைய ஆராய்ச்சியாம். நல்ல பிழைப்பு!

"பண்ணிக்கிட்டவன் மூட்டையா தூக்குவான்? பொண்டாட்டி புடவையைத் துவைப்பான்!" என்றான் மேஸ்திரி கொமுரையா.

"மீசையும் உதிர்ந்துடும் சார்!" என்று போஷம் எடுத்துக்கொடுத்தான்.

நாளைக்குத்தான் ஆபரேஷன் முகாம். மூன்றாவது பிரசவத்தில் ஓதெலுவின் மனைவி சம்மக்கா பிழைத்ததே பெரும்பாடு. இன்னொன்று என்றால் ஆள் தேறமாட்டாள், அவள் இதயம் கருத்தடை ஆபரேஷனையும் தாங்காது, நீ பண்ணிக்கொள் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். போகலாம்தான். இந்த வாய்களுக்குள் விழுந்து யார் எழுந்திருப்பது?

நேற்று ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டுப் பேசியபோது சாரிடம் மட்டும் இதைச் சொல்லியிருந்தான். யார் சொன்னதையும் யாரிடமும் சொல்வதில்லை என்று அவர் வாக்குக் கொடுத்திருந்தார்.

சார் ஓதெலு பக்கம் திரும்பவே இல்லை. டீயை ஒரு வாய் உறிஞ்சினார்.

"சரி, அதை விடுங்க. ஒரு பேச்சுக்குக் கேக்கிறேன். ஆபரேஷன் முடிஞ்ச கையோட ஒருத்தன் சைக்கிள்லயே வீட்டுக்கு வந்துடலாமா?"

"ஐயையோ, சைக்கிள் மட்டும் வேண்டாம்!"

நான்கு பேரும் ஒன்றாக அலறினார்கள்.

"அதுவும் அந்த ரயில்வே கேட் மேடு இருக்கே..." என்று ஆரம்பித்த போஷம் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. மல்லேஷம் டீயில் தோய்த்த பிஸ்கட் கரைந்து கிளாசுக்குள் விழுந்தது. சம்மையா வேப்பமரத்தில் காக்கையைத் தேடினான். சார் ஒன்றும் அறியாத பிள்ளைபோல உட்கார்ந்திருந்தார்.

ஓதெலுவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

"அப்ப... பஸ்ஸாண்ணே?"

கொமுரையா டீ கிளாசைப் பார்த்தபடியே சொன்னான்.

"பஸ் குலுக்கும்டா. ஆட்டோ வச்சுக்கலாம். காலையில ரெடியா இரு, நான் வர்றேன்."