டப்பா தெரியணும் சார்!

"சார், டப்பா தெரியணும் சார்!"

மானிட்டரிலிருந்து தலையைத் தூக்கினேன். வேறு யார், தைலம்மாதான். எங்கள் சீரியலுக்கு விளம்பரம் தரும் மூட்டுவலித் தைலக் கம்பெனியின் பிரதிநிதி. நிஜப் பெயர் என்னவோ, யூனிட்டில் எல்லோருக்கும் அவர் தைலம்மா.

"ஏம்மா, மகள் வீட்டை விட்டுப் போறா. அப்பா நெஞ்சு வெடிச்சு நிக்கறார். இப்பவும் கையில தைல டப்பாவா?"

"முட்டி வலி நேரம் காலம் பார்த்தா சார் வருது? எங்க ஆபீஸ்ல கண்டிப்பா சொல்லிட்டாங்க. அப்பா வர்ற ஒவ்வொரு சீன்லயும் அவர் கையில டப்பா இருக்கணும். பேர் கேமரா பக்கம்."

காண்ட்ராக்ட் சேனலுக்கும் கம்பெனிக்கும். நடுவில் நான் யார், வெறும் டைரக்டர்!

"குடுத்துத் தொலைங்க."

செங்கல் சைஸில் ஒரு பச்சை அட்டை டப்பா. தைலம்மா அதை அப்பா கையில் வைத்து, காதில் ஏதோ கிசுகிசுத்துவிட்டு வந்தார். ரெண்டு மாசமாக இதே கூத்து. கோர்ட்டில் சாட்சி சொல்லும்போதும் டப்பா, ஆஸ்பத்திரியில் சம்பந்தியைப் பார்க்கப் போனாலும் டப்பா. மீம் போட்டுக் கிழிக்கிறார்கள்.

அப்பாவாக நடிக்கும் பெரியவர் லேசுப்பட்ட ஆளில்லை. மேடையில் மூணு மணி நேரம் மூச்சு விடாமல் பேசியவர். ஆனால் வயசு யாரை விட்டது? இந்த வருஷம் வசனம் மனசில் நிற்கவே இல்லை. ஒரு வரிக்குப் பதினெட்டு டேக். பேசுவது அங்கேயே பதிவாகும் லைவ் சவுண்டு என்பதால் பக்கத்தில் நின்று எடுத்துக் கொடுக்கவும் முடியாது. பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒருநாள் நேராகவே சொல்லிவிட்டேன்.

"ஐயா, இனிமே மூணு டேக்குக்கு மேல போச்சுன்னா அப்பாவுக்கு ஹார்ட் அட்டாக்தான். ரைட்டர்கிட்ட சொல்லி வச்சுட்டேன்."

"எனக்கு வேற வேலை தெரியாதே தம்பி" என்றார். அவ்வளவுதான்.

அடுத்த வாரத்திலிருந்து அசத்தினாரே மனுஷன்! எல்லாம் ஒரே டேக். தலையைக் குனிந்து, நிறுத்தி நிறுத்திப் பேசுவார். 'அந்தக் குனிஞ்ச பார்வைக்கே அவார்டு குடுக்கலாம்' என்று சேனலிலிருந்து போன்.

"எல்லாம் நான் போட்ட போடு. நடிகனை எங்க தட்டணும்னு எனக்குத் தெரியும்" என்றேன். சும்மா சொல்லக் கூடாது, எனக்கே என்னை நினைத்துப் பெருமையாக இருந்தது.

இன்று கேமரா ஓடுகிறது. மகள் வாசலில் நிற்கிறாள். அவள் முகத்தைப் பார்க்க வேண்டிய அப்பா, டப்பாவைப் பார்க்கிறார். எனக்கு வந்ததே கோபம்!

"கட்! ஐயா, உண்மையைச் சொல்லுங்க. இந்தம்மா உங்களுக்குத் தனியா ஏதாவது குடுக்கறாங்களா?"

பெரியவர் முகம் சுருங்கிப் போனது. டப்பாவை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"அப்படிப் போடுங்க! எனக்கு அப்பவே சந்தேகம்."

தைலம்மா ஓடி வந்தார். "வேணாம் சார். இந்த ஒரு சீன் மட்டும் சார்..."

"வெட்கமா இல்லையாம்மா? கலைன்னா என்னன்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாது சார்" என்றார், அழாத குறையாக.

டப்பாவை நானே பிடுங்கி மேஜை மேல் வீசினேன். "ஆக்‌ஷன்!"

"போயிட்டு வரேன்ப்பா" என்றாள் மகள்.

அப்பா வாயைத் திறந்தார். வார்த்தை வரவில்லை.

ரெண்டாவது டேக். "நீ போற..." என்று ஆரம்பித்து நின்றுவிட்டார். மூணாவது டேக்கில் அதுவும் இல்லை. வேர்த்துக் கொட்டியது. வெறும் கையை விரித்துப் பார்த்துக்கொண்டே, "மன்னிச்சுக்குங்க தம்பி" என்றார்.

எனக்கு அப்போதுதான் எதுவோ உறைத்தது. மேஜையில் குப்புறக் கிடந்த டப்பாவின் பக்கத்தில் போனேன். பின்பக்கம் ஒரு வெள்ளைத் தாள் ஒட்டியிருந்தது. கொட்டை கொட்டையான எழுத்து.

'நீ போற இடத்துல நல்லா இருந்தா போதும்மா. இந்தக் கதவு உனக்கு எப்பவும் திறந்துதான் இருக்கும்.'

இன்றைய வசனம். மூச்சு விட வேண்டிய இடத்தில் ஒரு சிவப்புக் கோடு.

குனிந்த பார்வையாம், அவார்டாம், நான் போட்ட போடாம்! முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

டப்பாவைப் பெரியவர் கையில் கொடுத்தேன். பேர் கேமரா பக்கம் இருக்கிறதா என்று நானே சரி பார்த்தேன். ஒரே டேக். ஓகே. லைட்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ரைட்டரைக் கூப்பிட்டேன். "அப்பாவுக்கு ஹார்ட் அட்டாக்கெல்லாம் வேணாம்யா. முதல்ல அவருக்கு முட்டி வலி தீரட்டும்."

தைலம்மா பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றிருந்தார்.

"மன்னிச்சுக்குங்கம்மா. இது எப்படித் தோணுச்சு உங்களுக்கு?"

"வந்த முதல் நாள் பார்த்தேன் சார். மேக்கப் ரூம் கண்ணாடி முன்னாடி நின்னு ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொல்லிட்டிருந்தார். மனசு கேக்கலை."

"நல்லவேளை, ஒவ்வொரு சீன்லயும் டப்பா இருக்கணும்னு உங்க கம்பெனி பிடிவாதம் பிடிச்சாங்க."

தைலம்மா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எங்க ஆபீஸ்ல மூச்சு விட்டுடாதீங்க சார். அவங்க கேட்டது வாரத்துக்கு ஒரே ஒரு சீன்தான்."