யார் வீட்டு முடி

செருப்பைக் கழற்றாமல் அவள் வாசலிலேயே நின்றாள். தலையிலிருந்து மருந்து நெடி அடித்தது.

பார்லரில் மூன்றரை மணி நேரம். "எல்லாரும் நீட்டி விடத்தான்க்கா வருவாங்க. நீங்க என்ன, நல்லா இருக்கிற முடியப் போய்ச் சுருட்டச் சொல்றீங்க?" என்று கேட்டுக்கொண்டேதான் அந்தப் பெண் சுருட்டிவிட்டாள்.

காரணம் வீட்டில் சக்கர நாற்காலியில் இருந்தது. ஏழு வயது மகள். பெயர் சுடர்.

சுடர் பிறந்தபோது அந்தச் சுருட்டை முடிக்கு அத்தனை போட்டி. எங்க வீட்டு முடி என்றார்கள் அம்மா பக்கத்தில். அதெப்படி, எங்க வீட்டு முடி என்றார்கள் அப்பா பக்கத்தில். அத்தை மகனையே கட்டியிருந்ததால் இரண்டும் ஒரே கூட்டம்தான். அந்தக் கூட்டத்தில் ஒரு தலைகூடச் சுருட்டை இல்லை என்பது யாருக்கும் உறைக்கவில்லை.

நான்கு வயதில் நடை தடுமாறியது. டாக்டர் காலைப் பார்க்கும் முன் முடியைத்தான் பார்த்தார். நரம்பு இழைகளை மெல்லச் சிதைக்கிற நோய் என்றார். பாதி அம்மாவிடமிருந்து, பாதி அப்பாவிடமிருந்து. இந்த முடியும் அதோடு வந்ததுதான்.

அன்றோடு முடிக்கு உரிமை கொண்டாட ஆளில்லை.

போன வாரம் சுடர் குடும்பப் படம் வரைந்தாள். வரைந்துவிட்டுக் கேட்டாள், என் முடி யார் மாதிரி?

அப்பா தண்ணீர் குடிக்கப் போனான். அம்மா பென்சில் சீவினாள்.

இப்போது சுடர் வாசலைப் பார்த்தாள். திறந்த வாயை மூடவில்லை.

அம்மா ஓடிவந்து நாற்காலி முன் மண்டியிட்டுத் தலையைத் தாழ்த்தினாள்.

அந்தச் சின்ன விரல்களுக்கு இப்போதெல்லாம் பொத்தான்கூட வசப்படுவதில்லை. ஒரு சுருளைப் பிடிக்க மூன்று முறை ஆயிற்று.

பிடித்தாள். இழுத்தாள். விட்டாள்.

சுருள் துள்ளி மேலே ஓடியது.

சுடர் விக்கல் வருமளவு சிரித்தாள். இன்னொரு சுருள். மறுபடி சிரிப்பு. அம்மாவுக்கு நன்றாகவே வலித்தது. அவ்வளவு சந்தோஷமாக இருந்து எத்தனையோ நாளாகிவிட்டது.

"இப்ப நீ என்னை மாதிரி" என்றாள் சுடர்.

அடுப்படி வாசலில் தோசைக் கரண்டியோடு அப்பா நின்றிருந்தான். உள்ளே தோசை கருகிக்கொண்டிருந்தது. சுடர் அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

அவன் தன் தலையைத் தடவினான். முன்பக்கம் ஏற்கெனவே பாதி காலி. இருப்பதை வைத்து ஒப்பேற்ற வேண்டியதுதான்.

"அந்தப் பார்லர் ஞாயித்துக்கிழமை தெறந்திருக்குமா?" என்றான்.