அம்மா வாயைத் திறக்கவில்லை

"பெத்த புள்ளைய நிலவறையில போட்டுப் பூட்டின ராட்சசின்னு ஊரே என்னைக் கரிச்சுக் கொட்டுதுடா! உனக்கு இது நல்லா இருக்கா?"

ஜெர்மனியில் ஒரு ஓட்டல் அறையில் ஸ்தோயங்கா பொரிந்து தள்ளினாள். மகன் டெலியான் கண்ணாடி முன் நின்று டையைச் சரிசெய்துகொண்டிருந்தான். இன்னும் ஒரு மணி நேரத்தில் விழா. பரிசுக்குப் போட்டியிடும் நாவல்களில் அவனுடையதும் ஒன்று. அம்மாவும் மேடைக்கு வர வேண்டுமென்று விழாக்காரர்கள் ஒற்றைக்காலில் நின்றார்கள்.

"அது கதைம்மா."

"கதைன்னா கதைன்னு சொல்லியிருக்கணும். 'எல்லாம் என் சொந்த அனுபவம்'னு பேட்டி குடுத்தது யாரு? உன்னை நான் ஒரு நாளாவது தனியா விட்டிருப்பேனா? ஞாயித்துக்கிழமை தவறாம பனிட்சா சுட்டு ஊட்டி விட்டேனே, அதை எழுதறதுக்கென்ன?"

"எழுதினா எவன் படிப்பான்? இருட்டுல தனியாக் கிடந்து வளர்ந்ததாலதான் என் நாயகன் கதவுச் சத்தத்துக்கே நடுங்கறான். கட்டின பொண்டாட்டியைக்கூட நம்ப மாட்டேங்கறான். விமர்சகர்கள் அதைத்தான் உருகி உருகி எழுதறாங்க."

"அவங்க நல்லா உருகட்டும்! நான் ரொட்டிக்கடைக்குள்ள போனா அத்தனை பேச்சும் நின்னு போகுது. தேவாலயத்துல என் பக்கத்துல நிக்க ஒருத்தி இல்லை. கூடவே வளர்ந்த ரூஜா, என்னைப் பார்த்தா தெருவைத் தாண்டி அந்தப் பக்கம் போயிடறா. 'எங்கம்மா அப்படிப்பட்டவ இல்லை'ன்னு மேடையில ஒரு வார்த்தை சொல்லிடுடா. எனக்கு அது போதும்."

டெலியான் மண்டியிட்டு அவள் கைகளைப் பிடித்துக்கொண்டான். "சொன்னா பரிசு கைநழுவிப் போயிடும்மா. நம்ம ஊர் டிவியில வேற நேரடியாக் காட்டறாங்க. நீ பொய் சொல்ல வேண்டாம். வாயைத் திறக்காம உட்கார்ந்திரு, எனக்காக."

பெற்ற வயிறாயிற்றே. "சரி, வாயைத் திறக்க மாட்டேன்" என்றாள். கண்ணில் நீர் முட்டியது.

மேடையில் தொகுப்பாளினி அவள் பக்கம் குனிந்து கேட்டாள். கேள்வி ஸ்தோயங்காவின் காதிலிருந்த கருவியில் அவள் மொழியில் ஒலித்தது.

"அம்மா, மகனை நிலவறையில் பூட்டி வைத்தீர்களா?"

ஸ்தோயங்கா கேமராவை நேராகப் பார்த்தாள். வாயைத் திறக்கவில்லை. தலையை மட்டும் மேலும் கீழுமாக, திரும்பத் திரும்ப, அழுத்தமாக ஆட்டினாள்.

டெலியானின் முகம் வெளிறிப்போனது.

அரங்கமோ எழுந்து நின்று கைதட்டியது. முன்வரிசையில் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். "எத்தனை துணிச்சலான ஒப்புதல்!" என்று தொகுப்பாளினி தழுதழுத்தாள். சற்று நேரத்தில் பரிசும் டெலியானுக்கே என்று அறிவித்தார்கள்.

மேடையை விட்டு இறங்குவதற்குள் ஸ்தோயங்காவின் கைபேசி அலறியது. ரூஜா.

"ஸ்தோயங்கா, எங்களை மன்னிச்சிடுடி! தெருவே டிவி முன்னாடிதான் உட்கார்ந்திருக்கு. 'இல்லவே இல்லை'ன்னு உலகத்துக்கே அடிச்சுச் சொல்லிட்டியே! ஊருக்கு வந்ததும் நேரா எங்க வீட்டுக்குத்தான் சாப்பிட வரணும், ஆமா!"

டெலியான் பல்லைக் கடித்தான். "ஏம்மா இப்படிப் பண்ணினே? சத்தியம் பண்ணாத குறையா சொன்னியே!"

"நான் எங்கடா வாயைத் திறந்தேன்?" என்றாள் ஸ்தோயங்கா. "நம்ம பல்கேரியாவுல தலையை மேலயும் கீழயும் ஆட்டினா 'இல்லை'. ஜெர்மன்காரனுக்கு அது 'ஆமா'ன்னா, அதுக்கு நானா பொறுப்பு?"