நீலக் கோடு

அது சளிக்குக் கொடுக்கிற மருந்தேதான். ஆனால் அதன் சில அணுக்களை மட்டும் கனமாக்கி, ரத்தத்தில் அதே மருந்து எவ்வளவு இருக்கிறதென்று ஒப்பிட்டு அளப்பதற்காகச் செய்தது. யாருடைய தும்மலையும் நிறுத்த அனுமதியில்லாத மருந்து. அதை ரத்தத்தோடு கலக்க மறந்துவிட்டால் அளவு சொல்ல முடியாமல் போகும் என்று வேதவல்லி காலையிலிருந்தே நினைத்துக்கொண்டிருந்தாள். பழகிய கை மறக்கவில்லை.

ரத்தம் வந்த குப்பியில் எண் மட்டும்தான் இருந்தது. என்றாலும் அது யார் பெற்ற குழந்தையின் ரத்தம் என்று ஆய்வகத்தில் எல்லோருக்கும் தெரியும். அங்கே கண்ணாடிக் குப்பிகளைக் கழுவும் சகாயராணி, ஈரக் கையைத் துடைக்காமல் வேதவல்லிக்குப் பின்னால் வந்து நின்றாள்.

“நல்லாத் தூங்கட்டுமேன்னு ஒரு மூடி கூடக் குடுத்துட்டேன் மேடம். ஒரே மூடி. அதுலயா உசுரு போச்சு?”

“நீ இதப் பாக்கக் கூடாது ராணி. வெளிய போய் உக்காரு.”

அவள் அசையவில்லை. கருவியின் திரையில் நீலக் கோடு ஒன்று மெல்ல எழும்பிச் சிறு குன்றாகி இறங்கியது.

“இதுவா?”

“இது நான் போட்டது.”

“அப்ப நான் குடுத்தது?”

பக்கத்தில் சிவப்புக் கோடு தலைதூக்கியது. வேதவல்லி உள்ளங்கையை விரித்துத் திரையை மறைத்தாள். அது நீலத்தைத் தாண்டி, அவள் விரல் நுனிகளுக்கு மேலேயும் ஏறிக்கொண்டிருந்தது.