இமைத் தையல்

"ஏங்க, கொஞ்சம் உக்காருங்களேன். நீங்க நடக்கிறதைப் பார்த்தா எனக்குத் தலை சுத்துது."

ஆபரேஷன் தியேட்டர் வாசலில் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்த அந்த அம்மாளிடம் இதைச் சொன்னவள் ஒரு பஸ் டிரைவரின் மனைவி. அவளே பயந்துபோய் உட்கார்ந்திருந்தாள். இதில் துணைக்கு இன்னொருத்தி வேறு!

அந்த அம்மாள் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்தாள். "உங்களுக்கு யாரு உள்ள?"

"என் வீட்டுக்காரர். கீழ் இமையில மிளகு மாதிரி ஒண்ணு வந்துச்சு. கண்கட்டின்னு நெனச்சு நான்தான் களிம்பு தடவிக்கிட்டே இருந்தேன், பாவி! கடைசியில பார்த்தா தோல்ல வர்ற புற்றுநோயாம்."

"அடக் கடவுளே!"

"அதை வெட்டி எடுத்துட்டு, காதுக்குப் பின்னாடி இருந்து தோல் எடுத்துப் புதுசா இமை தைப்பாங்களாம். தையல் சரியா அமையலைன்னா கண்ணு மூடாதாம். மூடாத கண்ணு காஞ்சு காஞ்சு பார்வையே போயிடுமாம். அப்புறம் அவரு எங்கேருந்து பஸ் ஓட்டுறது?"

 மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "உங்களுக்கு யாருங்க?" என்றாள்.

"என் பையன். உள்ளதான் இருக்கான்."

"அச்சச்சோ, சின்னப் பையனா?"

"முப்பது ஆச்சு. ஆகி என்ன பிரயோஜனம்? காலையில ஒரு வாய் சாப்பிடல. கை ரெண்டும் ஜில்லுனு கிடக்கு. சின்ன வயசுல ரத்தத்தைப் பார்த்தாலே பொத்துனு விழுந்துடுவான். இன்னிக்கும் 'நீ வாசல்லயே இரும்மா'ன்னு கையோட கூட்டிட்டு வந்துட்டான்."

டிரைவர் மனைவிக்குத் தன் பயம் கொஞ்சம் மறந்துபோனது. அந்த அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அட, இதுக்குப் போயா இவ்ளோ கவலை? மரத்துப்போக ஊசி போட்டுட்டா ஒண்ணுமே தெரியாதாம். பெரிய டாக்டர் கைராசிக்காரர்ங்க. என் வீட்டுக்காரருக்குப் படம் போட்டுக் காட்டி, அவ்ளோ பொறுமையாச் சொன்னாரு. அவர் கையை நம்பித்தான் நானே இங்க உக்காந்திருக்கேன்."

அந்த அம்மாள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.  கண்ணைத் துடைத்துக்கொண்டு கதவையே பார்த்தாள்.

கதவு திறந்தது. ஒரு நர்ஸ் தலையை நீட்டினாள். டிரைவர் மனைவி பதறியடித்துக்கொண்டு ஓடினாள்.

"சிஸ்டர், அவருக்கு எப்படி இருக்கு?"

"நீங்க கொஞ்சம் இருங்கம்மா, நான் அவங்களைத்தான் கூப்பிட வந்தேன்" என்ற நர்ஸ், பெஞ்சில் இருந்த அம்மாளைப் பார்த்துக் கையசைத்தாள். "பெரிய டாக்டர் காய்ச்சல்னு வரலைல்ல, உங்க பையன்தானே இன்னிக்கு முதல் தடவையா தனியா ஆபரேஷன் பண்றாரு? இவங்க வீட்டுக்காரரோட கட்டியை எடுத்துட்டார், ஆனா கதவுக் கண்ணாடி வழியா உங்க முகத்தை ஒரு தடவை பார்த்தாத்தான் இமை தைக்க ஊசியைத் தொடுவேன்னு அடம் பிடிக்கிறாரும்மா!"