கண்ணாடியில் ஒரு வெளிச்சம்

உப்புவெளியில் பாதை கிடையாது. அதனால் எட்வினும் மாசானமும் பட்டப்பகலிலும் பைக் லைட்டைப் போட்டே ஓட்டினார்கள். முன்னால் போகிறவனின் கண்ணாடியில் பின்னால் வருகிறவனின் வெளிச்சம் தெரிய வேண்டும். மறைந்தால் நிற்க வேண்டும். கிளம்பும்போது இருவரும் பேசிவைத்தது அதுதான்.

அன்று காலை பெட்ரோல் கேனைத் தன் வண்டியில் கட்டியபடி மாசானம் சொன்னான்: "வழி தெரியாத பயல நம்பி வந்தேம் பாரு, என் புத்தியச் செருப்பால அடிக்கணும்."

எட்வின் வண்டியைக் கிளப்பி முன்னால் போனான். மதியம்வரை அந்த வெளிச்சம் ஒரு கொப்புளம்போலக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டே வந்தது. பிறகு சட்டென்று சரிந்து அணைந்தது. எட்வின் நிற்கவில்லை. கண்ணாடியை மட்டும் வானத்தைப் பார்க்கத் திருப்பிவைத்தான்.

வெயில் சாயும்போது வண்டி திக்கியது. ரிசர்வுக்குத் திருப்பக் கை வைத்தான். அது ஏற்கெனவே ரிசர்வில் இருந்தது. நேற்று பெட்ரோல் ஊற்றியபின் மாற்ற மறந்திருந்தான். அந்தப் பெட்ரோலும் தீர்ந்து வண்டி நின்றுவிட்டது.

வெகுநேரம் கழித்து, அவனுடைய டயர் தடத்தின் மேலேயே அந்த வெளிச்சம் வந்தது. எட்வின் குறுக்கே ஓடிக் கைகளை விரித்தான்.

"ஏல, நில்லுல! கேனு உங்கிட்டல்லா இருக்கு!"

வெளிச்சம் அவனைச் சுற்றிக்கொண்டு போனது. மாசானத்தின் முகத்தில் பாதி ரத்தம். அவன் வண்டியின் கண்ணாடியும் வானத்தைப் பார்த்தபடி இருந்தது.